நொட்டை என்பதா, கேவில் என்பதா

நான் இங்கிலீஷ் டீச்சர். காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தலை நரைக்கும்வரை பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். இப்போதும் சாயங்காலம் வீட்டில் டியூஷன் உண்டு. கடைப் பலகையில் எழுத்துப்பிழை கண்டால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் பங்காளி மகன் எனக்குத் தெரியாத ஓர் இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னான், நானும் தெரிந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அமராவதிபுதூரில் எங்கள் பங்காளிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு வீடு இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு வழக்கமாக இருக்கிற மாதிரிதான், இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடு. பங்குக்காரர்கள் சென்னையில், கோலாலம்பூரில், அமெரிக்காவில். நானும் என் கணவரும் காரைக்குடியிலேயே சின்னதாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அந்தப் பெரிய வீட்டில் குடியிருப்பது ஒரே ஒருத்தர்தான், என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் ஆச்சி என்று கூப்பிடுவேன். அண்ணன் காலமான பிறகும் ஆச்சி அங்கேயே இருந்துவிட்டார். ஒரே மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மகள் வீட்டுக்குப் போனால் ஒரு வாரம், அதற்குமேல் ஆச்சிக்கு அங்கே கால் தரிக்காது.

வீட்டின் பின்கட்டில் ஓடு சரிந்துவிட்டது. நடுக்கட்டிலும் ஒழுகல். மேற்கொண்டு ஒரு மழைக்காலம் தாங்குமா என்று கொத்தனார் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அந்த நேரத்தில்தான் ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வாராம், ஓடு மாற்றிச் சுவரைச் சரிசெய்து சுற்றுலாக்காரர்களுக்கு அறை விடுவாராம். அமெரிக்காவில் இருக்கிற பங்காளி மகன் இதை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தான். ஞாயிறுதோறும் வீடியோவில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைப்பான். எல்லோரும் சரி என்றார்கள். எல்லாப் பங்குக்காரர்களும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும், அதில் ஆச்சி கையெழுத்து மட்டும் பாக்கி.

இதில் கூத்து என்னவென்றால், ஓட்டல்காரர் முதல்முதலாக வீடு பார்க்க வந்தபோது அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அறை அறையாகத் திறந்து காட்டியதே ஆச்சிதான். "இடிஞ்சு விழுறதுக்கு எவனாவது வந்து இருந்துட்டுப் போகட்டுமே, ஓடாவது மாத்துவாக" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். பிறகு என்ன ஆனதோ, ஆட்சேபணை சொல்ல ஆரம்பித்தார்.

முதலில், வெளியாட்கள் செருப்புக் காலோடு வளவில் நடப்பார்கள் என்றார். வளவு என்பது அறைகளுக்கு நடுவே இருக்கிற முற்றம். கழற்றிவிட்டு வரச்சொல்லிப் பலகை வைக்கலாம் என்றான் பையன். அடுத்த ஞாயிறு, கதவில் நம்பர் ஒட்டக்கூடாது என்றார். ஒட்டாமல் தொங்கவிடலாம் என்றான். மார்கழியில் கையெழுத்துப் போடுவதா என்றார். தை பிறந்தது. கரிநாள் என்றார். நீச்சல்குளம் வெட்டினால் குளிக்கிறவர்கள் முகம் எந்தத் திசையைப் பார்க்கும் என்று கேட்டபோது கோலாலம்பூர்க்காரர் சிரிப்பை அடக்கமுடியாமல் வீடியோவை அணைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்குத்தான் ஆச்சி எழுந்து போன பிறகு பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "சின்னாத்தா, பெரியாத்தா இஸ் ஜஸ்ட் கேவிலிங். ஒங்களுக்குப் புரியுதுல்ல?"

"புரியாம என்னப்பா" என்றேன். என் வாயில் மண்ணைப் போட!

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கினேன். கேவில். வினைச்சொல்லாகவும் வரும், பெயர்ச்சொல்லாகவும் வரும். தேவையில்லாமல் அற்பக் காரணங்களைச் சொல்லி ஆட்சேபிப்பது. மூலம் லத்தீனாம், அங்கே அதற்குக் கேலி பேசுவது என்று பொருளாம். ஒன்றைப் பற்றி யாரும் நொட்டைகூடச் சொல்லமுடியாது என்றால் 'பியாண்ட் கேவில்' என்று எழுதுவார்களாம். இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் இந்த வார்த்தை என் கண்ணில் படாமல் எங்கே ஒளிந்திருந்தது என்று கோபம் கோபமாக வந்தது.

என் கணவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா, ஒன்னையப் பத்தி அகராதியிலயே போட்டிருக்கானே" என்றார்.

"போய் வேலையப் பாருங்க. இது ஆச்சிக்குச் சொன்னது."

"ஒனக்கும் பொருந்துதே. நேத்து அந்த டெய்லர் கடைக்காரன்கிட்ட ஒரு எழுத்துக்காக எம்புட்டு நேரம் நின்னே?"

தமிழில் இதற்கு என்ன வார்த்தை என்று யோசித்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நொட்டை சொல்வது என்றால், பொருளில் குறை இல்லாதபோதும் ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பது. நொரநாட்டியம் என்றால் எதிலும் திருப்தி இல்லாமல் பிகு பண்ணுவது, அது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வது. குதர்க்கம் பேசுகிறவருக்கு மூளை வேண்டும். விதண்டாவாதம் செய்கிறவருக்கு ஜெயிக்க வேண்டும். இடக்குப் பண்ணுகிறவருக்கு அடுத்தவரைக் கடுப்பேற்ற வேண்டும். ஆச்சியை இதில் எந்தச் சட்டைக்குள் நுழைத்தாலும் கை பிடித்தது, கழுத்து தொங்கியது. அவர் ஜெயிக்கவும் நினைக்கவில்லை, கடுப்பேற்றவும் நினைக்கவில்லை. பையன் ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னபோது, "அப்படியா, சரிப்பா" என்று அமைதியாக ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் வேறொன்றோடு வந்து உட்கார்ந்தார்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த இங்கிலீஷ் வினைச்சொல் சும்மா நிற்காது, பின்னாலேயே ஓர் 'அட்' வரும். எதன் மேல் கேவில் என்று சொல்லியாக வேண்டும். செருப்பின் மேலா, நம்பரின் மேலா, மார்கழியின் மேலா? வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. அற்பம் என்று முடிவு செய்கிறது யார் என்றும் அகராதியில் போடவில்லை. ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைத்துப் படுப்பவர் ஆச்சி. ஓடு மாற்ற ஆள் வரும்போது அதைத் தடுப்பவரும் ஆச்சி.

பிறகு ஒருநாள் ஓட்டல்காரர் அளவெடுக்க வருகிறார் என்று என்னையும் போகச் சொன்னார்கள். என் கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு மாத்திரை வாங்கக் காரைக்குடிக்குத் திரும்பினார். அவருக்குப் போன வருஷம்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஆச்சி வாசலிலேயே நின்றார். "வாத்தா, இங்குட்டு ஒழுகி வழுக்கும், அங்குட்டுச் சுத்தி வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

ஓட்டல்காரர் நல்ல மனுஷன், சின்ன வயசு. ஒவ்வொரு அறையிலும் ஒரு கருவியைச் சுவரில் காட்டுவார், சிவப்பாக ஒரு புள்ளி விழும், அளவு சொல்லும். ஆச்சி பின்னாலேயே நடந்தார். ஆச்சியின் அறை வந்தது. எங்கள் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் அறை ஒதுக்குவது வழக்கம். ஆச்சி வாழ வந்த நாளிலிருந்து அதே அறைதான். ஓட்டல்காரர் அளந்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, காய்கறி விலை கேட்கிற குரலில் ஆச்சி கேட்டார்:

"ஏந்தம்பி, அரை ரூம்னா எங்குட்டுத் தடுப்பீக? ஜன்னல் எந்தப் பாதிக்கு வரும்?"

அவருக்குப் புரியவில்லை. "அரை ரூமா? அப்படியெல்லாம் தடுக்க மாட்டோம் ஆச்சி" என்று சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

எனக்குப் புரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

எங்கள் சமூகத்தில் ஆட்களைக் குடும்பமாக எண்ணுவதில்லை, புள்ளியாக எண்ணுவோம். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் வரி ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். இருவரில் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவர் அரைப் புள்ளி, வரியும் பாதி. இதை யாரும் மனசு நோகச் சொல்வதில்லை. எண்ணிக்கை அப்படி, அவ்வளவுதான். முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன் பெருமையாகச் சொன்னான், குத்தகையில் வீட்டுக்காரர்களுக்கென்று சில அறைகள் கேட்டு வாங்கியிருக்கிறேன், புள்ளிக்கு ஒரு ரூம் என்று. எல்லோரும் சபாஷ் போட்டோம். செருப்பு ஆட்சேபணை அதற்கு அடுத்த ஞாயிறுதான் வந்தது என்பது அந்த அறையில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓட்டல்காரர் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஆச்சி, இதுக்காகவா இம்புட்டு நாளா செருப்பு, நம்பருன்னு சொன்னீக? நேரா கேட்டிருந்தா என்ன?"

"என்னன்னு கேக்குறது?"

"எனக்கு முழு ரூம் வேணும்னு."

"குடுக்குறது பாதி வரி, கேக்குறது முழு ரூமா? நல்லா இருக்கே ஒன் நியாயம்." காப்பி டம்ளரை என் பக்கம் தள்ளினார். "சரி, கேக்குறேன்னு வையி. இல்லேன்னு சொல்லிட்டாகன்னா? அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க இருக்கிறது? கேக்காத வரைக்கும் இருக்கேன்ல?"

எனக்கு அழுகை முட்டியது, கோபமும் முட்டியது. "நான் கேக்குறேன். இந்த ஞாயித்துக்கிழமையே அந்தப் பயலக் கிழிக்கிறேன் பாருங்க."

ஆச்சி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ கேக்கக் கூடாது. என் மேல சத்தியம். கேட்டு வாங்கிக் குடுத்த ரூம்ல நான் காலை நீட்டிப் படுக்க மாட்டேன். கோயம்புத்தூருக்குப் போயி மாப்பிள்ளை வர்றப்பல்லாம் எந்திரிச்சு நின்னுக்கிட்டே கெடப்பேன், போ."

ராத்திரிச் சாப்பாட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் தோசையைப் பிய்த்தபடி, "கணக்கு அப்படித்தானே. பையன் மேல என்ன தப்பு?" என்றார்.

"அப்ப நாளைக்கு நீங்க இல்லேன்னா நானும் அரைதானா?"

"நீ இல்லேன்னா நான் அரை. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"கேள்விதான். அரை ஆளா ஆகுறவங்க முழு ஒடம்போடதானே படுக்கணும்?"

அவர் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைத்தார். அது வழக்கமில்லை.

சத்தியத்தை மீறாமல் பையனிடம் வேறு மாதிரி பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ரூம் கணக்கு எப்படிப்பா போட்டிருக்கே என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவன் கலகலப்பாகச் சொன்னான்: "ஊர்ல பெரியவுகளைக் கேட்டுத்தான் சின்னாத்தா போட்டேன். நம்ம வீட்டுல ரெண்டு அரைப் புள்ளி. பெரியாத்தாவும் மெட்ராஸ்ல இருக்கிற சின்னாத்தாவும். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு ரூம். அவுகளும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருப்பாக. வருஷத்துக்கு ஒருக்கா படைப்புக்கு வர்றப்பத்தானே எல்லாரும் தங்கப் போறோம்?"

படைப்பு என்பது முன்னோர்களுக்குச் செய்கிற கும்பிடு, பங்காளிகள் எல்லோரும் வருவார்கள். அவன் கெட்டவன் இல்லை. ஆச்சிக்கு அது வந்துபோகிற இடம் இல்லை, இருக்கிற இடம் என்பது அவன் தலையில் ஏறவே இல்லை. "பெரியாத்தா மகள் வீட்டுலதானே இருக்கப் போறாக?" என்று அவனே முடித்தும் வைத்தான். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அவனைக் கிழிக்கவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. யாரைக் குறை சொல்வது என்றே தெரியாமல் இரண்டு நாள் டியூஷன் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவரும் நானும் அமராவதிபுதூர் போனோம். ஆச்சியின் அறையிலேயே மூன்று பேரும் உட்கார்ந்து போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்தோம். தை பிறந்தும் மழை விட்டபாடில்லை, கார்மேகம் கட்டியிருந்தது. முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பையன் உற்சாகமாக இருந்தான். எல்லா ஆட்சேபணைக்கும் பதில் சொல்லியாயிற்று, இந்த வாரம் கையெழுத்துதான் என்றான்.

"பெரியாத்தா, வேற ஒண்ணும் இல்லைல்ல?"

ஆச்சி வாயைத் திறந்தார். பாவம், இருந்த ஆட்சேபணையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. விரல்கள் மட்டும் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தன. அந்த விரல்களைப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்குப்பா" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"சொல்லுங்க சின்னாத்தா."

என்ன சொல்வது? ஒன்றும் யோசித்து வைக்கவில்லை. கண்ணில் ஆச்சியின் கட்டில் பட்டது. "ஓட்டல்காரர் கட்டிலுக்கெல்லாம் வெள்ளை பெட்ஷீட்டு போடுறதாச் சொன்னாரு. அது ஆகாது. இந்தச் செம்மண் புழுதிக்கு வெள்ளை தாங்குமா? ஒரே நாள்ல காவியாயிடும். எல்லாம் கலர் பெட்ஷீட்டா போடணும். அது முடிவாகாம நாங்க கையெழுத்துப் போட மாட்டோம்."

அமெரிக்கா திரைக்கு வெகு பக்கத்தில் வந்து என்னை உற்றுப் பார்த்தது.

"சின்னாத்தா... நீங்களுமா கேவில்?"

"ஆமாப்பா. கேவில் அட் பெட்ஷீட்" என்றேன். வாக்கியம் இந்தத் தடவை சுத்தமாக முடிந்தது.

கோலாலம்பூர்க்காரர் மறுபடி வீடியோவை அணைத்துக்கொண்டார். பையன் நெற்றியைத் தேய்த்தான். அப்போது என் கணவர் தொண்டையைச் செருமினார். அவர் இந்தக் கூட்டங்களில் வாயே திறக்காத ஆள்.

"கலரும் சரிப்படாதுப்பா" என்றார். "சாயம் போகும். எந்தச் சாயம்னு மொதல்ல விசாரிக்கணும். அவசரப்படாதே, அடுத்த வாரம் பேசுவோம்."

சொல்லிவிட்டுப் போனை எடுத்து அணைத்தே விட்டார். என்னைப் பார்க்கவில்லை. மருந்துக் கடை வரைக்கும் போய் வருகிறேன் என்று வாசலுக்குப் போனார், மாத்திரையெல்லாம் வீட்டில் வாங்கி வைத்திருந்தும்.

ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்வாரோ, அழுவாரோ என்று பயந்தேன். "பெட்ஷீட்டா?" என்றார். "இம்புட்டுப் படிச்சும் ஒனக்கு வேற ஒண்ணுமே தோணலையா? நல்லதா ஒண்ணு சொல்லக் கூடாது? இது ஒரு வாரம்கூடத் தாங்காதே."

"அப்ப நீங்களே நல்லதாச் சொல்லுங்க" என்றேன் எரிச்சலாக. இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். கொசுவலை ஒன்று கிடைத்தது. சமையலறையில் முட்டை உடைப்பது ஒன்று கிடைத்தது, அது நிஜமாகவே பெரிய ஆட்சேபணை என்று ஆச்சி சொன்னார், எனக்கு அது அற்பமாகப் பட்டது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் செய்வது சரிதானா என்று எனக்கு இப்போதும் தெளிவில்லை. ஒவ்வொரு வாரமும் தள்ளத் தள்ள ஓடு இன்னும் கொஞ்சம் சரியும். கூரை விழுந்துவிட்டால் யாருக்கு முழு, யாருக்கு அரை?

உத்தரத்திலிருந்து முதல் சொட்டு கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. ஆச்சி எழுந்துபோய் ஒரு குண்டானைக் கொண்டுவந்து வைத்தார். கால்மாட்டில் ஒன்று விழுந்தது. அதற்கு ஒரு சட்டி. ஜன்னலோரம், கதவோரம் என்று வைத்துக்கொண்டே வந்தார்.

"ரூம் பூரா ஒழுகுதே ஆச்சி" என்றேன்.

"ஒழுகட்டுமே" என்றார், கடைசிப் பாத்திரத்தை நேராக நகர்த்தி வைத்தபடி. "முழு ரூமுல்ல."